ஒட்டோமாரின் மரக்குவளை

எங்கள் லிச்டன்ஹைன் ஊர் ஆண்களுக்கு மூக்கு ஒரு தினுசு. புகையில் வாட்டிய தானியத்தில் காய்ச்சும் புளிப்பு பீரை விழுந்து விழுந்து குடிப்பார்கள். அந்தத் தானியத்தை விறகுப் புகையில் வாட்டித் தருகிற ஒட்டோமார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் புகை நாற்றம் என்று நகர்ந்துகொள்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மதுக்கடை பெஞ்சின் கடைக்கோடிக்குப் போய்விடுவார். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத மனுஷர். மாலையில் அந்தக் கடைக்கோடிதான் அவருக்கு வீடு.

அல்வினேயின் மதுக்கடைக்குத் தினமும் ரொட்டி கொண்டுபோகிறவள் நான். அங்கே சுவரில், சின்னச் சின்னப் பலகைகளைச் சேர்த்துச் செய்த மரக்குவளை ஆளுக்கொன்று தொங்கும். பீர் படாமல் கிடந்தால் பலகை சுருங்கி ஒழுக ஆரம்பித்துவிடும். அதனால் ஒருவன் ஊரில் இல்லையென்றால், பெஞ்சில் அவன் பக்கத்து ஆள் அந்தக் குவளையில் குடித்து ஈரம் காயாமல் காப்பான். என் குவளையில் குடி என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் கௌரவக் குறைச்சல்.

போர் வந்து எல்லாரும் பட்டாளத்துக்குப் போனார்கள். நெஞ்சு சரியில்லை என்று ஒட்டோமாரை மட்டும் விட்டுவிட்டார்கள். அத்தனை பேர் குவளையையும் அவர்தான் மாற்றி மாற்றி இறக்கி, தண்ணீராய்ப் போன அந்தப் போர்க்கால பீரை ஊற்றிக் குடித்தார். திரும்பி வந்தவர்களின் குவளை எதுவும் ஒழுகவில்லை. ரைன்ஹோல்ட் தன் குவளையைக் கையில் வாங்கிக் குழந்தை போல அழுதான். திரும்பாதவர்களின் குவளைகளில் ஒட்டோமார் அதற்குப் பிறகும் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒரு துணை.

போன குளிர்காலம் நெஞ்சு முற்றி அவர் யேனா நகர ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். நோயைப் பற்றி ஒரு பேச்சில்லை.

"என் குவளையில யாரு குடிக்கறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கு வந்ததும் நேரே ரைன்ஹோல்டிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பக்கத்துல உக்கார்றவன்தானே குடிக்கணும்? அது யாரு, நானா?" என்றான்.

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் எவன்? பெண்பிள்ளை அந்த பெஞ்சில் உட்காரக் கூடாது. இல்லையென்றால் நானே குடித்திருப்பேன்.

வசந்தத்தில் ஒருநாள் அவர் கோலூன்றி வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்வதற்கு முன்பே குவளையை எடுத்து அல்வினேயிடம் நீட்டினார். அவள் தயங்கித் தயங்கி ஊற்றினாள். அவர் கடைக்கோடிக்குப் போய்க் குவளையை மேஜையில் வைத்ததும் பலகை இடுக்கெல்லாம் பீர் கசிந்து, மேஜை வழியாக ஓடி ரைன்ஹோல்டின் சட்டைக் கையை நனைத்தது. அவன் கையை எடுக்கவில்லை.

ஒட்டோமார் குவளையைத் தூக்கி அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"இப்ப ஊர்ல இல்லாதவன் யாரு, அல்வினே? அவன் குவளைய எடு. அதுல குடிக்கறேன்."

அன்றைக்கு யாரும் ஊரை விட்டுப் போயிருக்கவில்லை. எல்லாரும் அந்த பெஞ்சில்தான் இருந்தார்கள். போரிலிருந்து திரும்பாதவர்களின் குவளைகளும் அவர் இல்லாத அந்தக் குளிர்காலத்தில் காய்ந்து ஒழுக ஆரம்பித்திருந்தன. வெளியூர்க்காரர்களுக்கென்று வைத்திருந்த கண்ணாடி கிளாஸை அல்வினே துடைத்து எடுத்து வந்தாள்.