மாலை போட்ட காரும் கேரண்டி நாளும்

இஞ்சினை எழுப்பாமல் மலைப் பாதையில் உருட்டிக்கொண்டே போன ஒரு காரை, நாங்கள் ஓட்டினோம் என்று சொல்வதா, ஓட்டவில்லை என்று சொல்வதா? எவ்வளவு யோசித்தும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இது சென்ற ஆயுத பூசையன்று, கினிகத்தேனைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. என் கணவர் அங்கே டீமேக்கர். தோட்டத்தில் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை அவர் பொறுப்பில் இருக்கிறது. நான் திருமணத்துக்கு முன் ஹட்டனில் ஆசிரியையாக இருந்தேன். இப்போது எங்கள் சின்ன மகளைப் பார்த்துக்கொள்வதே எனக்கு முழு வேலை. மழைக்காலத்தில் அவளுக்கு இழுப்பு வரும். ஒரு நாள் மாலை அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, தேயிலைக் கொழுந்து ஏற்றப் போன தோட்டத்து லொறி திரும்பி வரும்வரை வாசலுக்கும் அறைக்குமாக நான் நடந்த நடையை இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகுதான் ஒரு கார் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

புதுக் கார் எங்களுக்கு எட்டாது. கண்டியில் ஒரு கடையில், வேறொருவர் ஓட்டிக் கைமாறிய சின்னக் கார் ஒன்று கிடைத்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் கியருக்கு மாற்றும்போது மட்டும் பசித்த பூனை போல ஒரு முனகல். நான் அதைக் கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, ஒரு வருடத்துக்குள் இஞ்சினோ கியரோ பழுதானால் தாங்களே செய்து தருவதாக ஒரு கேரண்டி எழுதிக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, அவர்கள் சொன்ன கினிகத்தேனை கராஜில் ஒழுங்காக சர்வீஸ் செய்துவர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அல்லது ஆயிரம் மைலுக்கு ஒரு முறை, இதில் எது முந்துகிறதோ அது.

இந்த ‘எது முந்துகிறதோ அது’ என்பதை வைத்து எனக்கும் என் கணவருக்கும் பல நாள் வாதம்.

“ஆயிரம் மைல் எங்க ஓடிச்சு? பாதிகூட ஓடலையே” என்பார் அவர்.

“மூணு மாசம் முந்தப் போகுதுங்களே.”

“ஓடாத காருக்கு எதுக்கு சர்வீஸ்?”

அவர் கேட்பதும் நியாயம்தானே என்று சில சமயம் எனக்கே தோன்றும். பிறகு என் தையல் மெஷின் நினைவுக்கு வரும். பிள்ளை பிறந்த புதிதில் அதைத் தொடாமல் வைத்திருந்து, பிறகு எடுத்தபோது எண்ணெய் காய்ந்து சக்கரமே சுற்றவில்லை. சும்மா நிற்கிற பொருளும் தனக்குள் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறது போலும். அது என்ன என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அவரை அப்படி இப்படிச் சம்மதிக்க வைத்தேன். ஆனால் ஸ்டோரில் வேலை நெருக்கடி. இன்று நாளை என்று தள்ளிப்போய், கெடுவின் கடைசி நாள்தான் மிச்சமிருந்தது. அது ஆயுத பூசை நாள். ஸ்டோருக்கு விடுமுறை, அவரும் ஓய்வாக இருப்பார், பூசையோ சாயங்காலம்தான். காலையில் போய் சர்வீஸ் முடித்துவிட்டு நேரத்தோடு திரும்பிவிடலாம் என்று இருவரும் பேசி வைத்தோம். படித்தவள் என்ற பெயர் எனக்கு. இதில் என்ன இடிக்கிறது என்று எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

அன்று காலை மகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி, குல்லாயும் போட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கிப் போனேன். உள்ளே சாம்பிராணிப் புகை. மெஷின்கள் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து நின்றன. பூசாரிக்கு அன்று பல தோட்டங்களில் பூசையாம். சாயங்காலம் என்றிருந்த எங்கள் பூசையைக் காலையிலேயே முதலில் முடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். மெஷின் வரிசைக்குப் பக்கத்தில், வாசலில், எங்கள் கார். கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை, முன்பக்கம் செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். என் கணவர் சந்தனக் கையோடு அதன் அருகில் நின்றார்.

“அழகா இருக்கில்ல?” என்றார்.

“அழகாத்தாங்க இருக்கு. இப்ப கினிகத்தேனைக்கு எப்படிப் போறது?”

அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது.

பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது. தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து லொறிவரை தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரிய துரைகூட அன்று தன் காரைத் தொட மாட்டார். என் கணவர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

“ஐயா, எழுப்பிடாதீங்க” என்றார் கொழுந்து லொறி டிரைவர். “பக்கத்து தோட்டத்துல பூசை போட்ட லொறிய எழுப்பி, நேரா ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விட்டாங்க.”

“அவன் குடிச்சிருந்தான்ப்பா.”

“அதுவும் தாங்க.”

அடுப்புக்கு விறகு போடும் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் வந்து, “எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?” என்று என்னைக் கேட்டார். இன்று போகாவிட்டால் கேரண்டி போய்விடும் என்றேன்.

“கரண்டிதானேம்மா? போனா வேற வாங்கிக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அந்த முனகல் நாளை பழுதாக மாறினால் செய்து கொடுக்க ஆள் இருக்காது. கார் படுத்துவிட்டால், இவளுக்கு மூச்சு முட்டும்போது மறுபடியும் லொறிக்காக வாசலில் நிற்க வேண்டியதுதான். அதே சமயம் பூசையை மீறி எழுப்பி, பிறகு பிள்ளைக்கு ஏதாவது வந்தால் அதையும் என்னால் தாங்க முடியாது. போகலாம் என்று சொல்ல வாயெடுப்பேன், வேண்டாம் என்று அடக்கிக்கொள்வேன்.

லொறி டிரைவர்தான் வழி சொன்னார். “எழுப்பாம போனா என்னங்க? இங்கருந்து டவுன் வரைக்கும் எறக்கம்தானே. நியூட்ரல்ல போட்டு விட்டா அதுபாட்டுக்குப் போகுது.”

“சக்கரமும் பூசையிலதானே இருக்கு?” என்றார் விறகுக்காரர்.

“அதான் பழத்து மேல ஏத்தி எறக்கப் போறோமே. சக்கரத்துக்கு உத்தரவு குடுத்தாச்சுன்னு வச்சுக்க. இஞ்சின் தூங்கட்டும்.”

இது சரியா, நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோமா என்று யோசித்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, லொறி டிரைவர் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். விறகுக்காரர் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார், தட்டையான இடம் வந்தால் தள்ளுவதற்கு. மகள் என் மடியில். மற்றவர்கள் தள்ளிவிட, பழங்கள் நசுங்க, கார் அசைந்தது.

அந்தப் பயணத்தை நான் எப்படிச் சொல்வேன்! கார் போகிறது, சத்தமே இல்லை. வழியில் இத்தனை ஓடைகள் இருப்பதை அன்றுதான் கேட்டேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் இருந்தவர்கள் பேசுவது காதில் விழுந்தது. மாலை போட்ட கார் ஒன்று சத்தமில்லாமல் வளைவில் திரும்பி வருவதைக் கண்டு, நடந்து போனவர்கள் திடுக்கிட்டு ஒதுங்கினார்கள். ஹார்ன் அடிக்கலாமா என்று காருக்குள் ஒரு விவாதம் நடந்தது. அதுவும் காரின் ஒரு பகுதிதானே என்றார் என் கணவர். அதனால் டிரைவரே தலையை வெளியே நீட்டி, “ஓரம்! ஓரம்!” என்று கத்திக்கொண்டு வந்தார். மகள் அதைப் பார்த்துத் தானும் கத்தினாள்.

செங்குத்தான இறக்கத்தில் என் கணவர் கை கியரை நோக்கிப் போனது. டிரைவர் தடுத்தார். “கியர்ல போட்டா இஞ்சின் சுத்தும்ங்க. அது எழுப்புன மாதிரிதான்.” என் கணவர் கையை எடுத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். வழி முழுவதும் மிதித்துக்கொண்டே வந்தார்.

பாலத்துக்கு அப்பால் சின்ன ஏற்றம். டிரைவரும் விறகுக்காரரும் இறங்கித் தள்ளினார்கள். தெருவோரக் கடைக்காரர் வெளியே வந்து, கார் பழுதா என்று சிங்களத்தில் கேட்டார். பூசை என்று விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவரும் வந்து தோள் கொடுத்தார்.

கராஜ் வாசலில் கார் நின்றபோது எனக்குக் கோயிலுக்கு வந்து சேர்ந்த நிம்மதி. அது கொஞ்ச நேரம்தான். உள்ளே மேசை மேல் சாமி படம். அதன் முன்னால் ஸ்பேனர்கள், சுத்தியல், ஜாக்கி எல்லாம் குங்குமம் வைத்து வரிசையாக இருந்தன. ‘பாஸ்’ என்று எல்லோரும் கூப்பிடும் கராஜ் மெக்கானிக் வெற்றிலை போட்டபடி மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்த விதத்தைக் கேட்டதும் அவருக்குப் புரையேறிவிட்டது.

“நீங்க இஞ்சின எழுப்ப மாட்டீங்க. நான் மட்டும் ஸ்பேனர தொட்டுடுவேனா அம்மா? நாளைக்குக் காலையில முதல் வேல உங்களுதுதான்.”

நாளை என்றால் கெடு தாண்டிவிடுமே! கராஜ் முதலாளி சிங்களவர், நிதானமானவர். கேரண்டியை அவரிடம் காட்டி, இன்று கொண்டு வந்ததே போதுமா, இன்றே வேலை முடிந்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். அம்மா என்பதை அவர் ‘நோனா’ என்பார்.

“சர்வீஸ் செய்யணும்னு தான் இருக்கி. கொண்டு வாறதா, முடிக்கிறதா? இல்ல நோனா, எனக்கும் தெரியாது. அது கண்டிக் கடை சொல்லணும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நோனா எந்த நாள் சொல்றதோ, அந்த நாள் தான் நானும் சொல்றது” என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் காலை என் கணவர் மட்டும் போனார். காரோடு வந்தவர் வீட்டுக்குள் வந்து ஒரு துண்டு ரப்பர் குழாயை மேசையில் வைத்தார். பிரேக்குக்கு எண்ணெய் போகும் குழாய். ஒரு பக்கம் வெடித்து, நடுவில் கொப்புளம் போல வீங்கியிருந்தது.

“இத நம்பித்தான் நேத்து வந்தீங்களான்னு பாஸ் கேட்டாரு” என்றார். “கியர்ல வந்திருந்தா இஞ்சினே வண்டியப் புடிச்சிருக்குமாம். நாம மொத்த பாரத்தையும் இதுமேலதான் போட்டுட்டு வந்தோம்.”

நான் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அந்தக் குழாயைக் கேட்டு அழுதாள், கொடுக்கவில்லை.

குழாய் புதிதாகிவிட்டது. இப்போது எனக்கு யோசனையெல்லாம் வேறு. அந்த முனகல் உறுமலாக மாறிவிட்டது. தைப்பொங்கல் கழிந்ததும் காரைக் கண்டிக்குக் கொண்டு போக வேண்டும். முதல் சர்வீஸ் எந்த நாள் என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். “கொண்டு போன நாளச் சொல்லு, அது பொய்யில்லையே” என்கிறார் என் கணவர். பொய் இல்லைதான். ஆனால் ஸ்பேனர் பட்டது மறுநாள். அதை மறைத்தால் உண்மையுமில்லை. மறுநாளைச் சொன்னால் கேரண்டி போகும். கியர் பழுதோடு கார் நிற்க, அடுத்த மழைக்காலமும் வந்துவிடும்.

அந்தக் கெடு நாளைக் காப்பாற்றப் புறப்பட்டதால்தான் குழாயின் கேடு கண்ணில் பட்டது. அதைக் காப்பாற்றப் போய்த்தான் என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதே குழாயை நம்பி மலை இறங்கினேன். கடமையைச் செய்வதற்கும் கடமையைச் செய்ததாகக் காட்டிக்கொள்வதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. இப்போது மறுபடியும் அதன் விளிம்பில் நிற்கிறேன். வாசகர்களே, என் இடத்தில் நீங்கள் இருந்தால் கண்டிக் கடைக்காரரிடம் எந்த நாளைச் சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.