பெண் பார்க்கப் போன வீட்டில் மாற்றிய மோட்டார்

ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு தக்கலையில் மோட்டார் கடை போட்டேன். நாலு நாளில் மூடுவான் என்றார்கள். இரண்டாவது கடையும் போட்டேன். கடல்காற்று இரும்பைத் தின்கிற கடியப்பட்டணத்தில் மீனுக்கு ஐஸ் பிளான்ட் கட்டினேன். பாங்கி கைவிரித்த பிறகும் மாடி வீடு எழுப்பினேன். இதையெல்லாம் குடும்பத்தில் ஒத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயதில் செய்த ஒரு வேலையைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

அப்போது நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் வேலைக்கு நின்றேன். அம்மாவின் தம்பி கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே ஏசி மெக்கானிக் என்று ஊர் முழுக்கப் பேர். அவருக்குப் பெண் பார்க்க மணவாளக்குறிச்சி போனோம். பெண்ணின் அப்பா தேங்காய் வியாபாரி. மூத்த மகன் அனுப்பிய ஜன்னல் ஏசி வீட்டில் இருந்தது. அதன் ஃபேன் மோட்டார் தேய்ந்துபோய், புது மோட்டாரும் வந்து, மாட்ட ஆளில்லாமல் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது.

பலகாரத் தட்டு வருவதற்குள் பெண்ணின் அப்பா ஏசியை ஓடவிட்டுக் காட்டினார். எண்ணெய் காணாத கிணற்றுக் கப்பி மாதிரி அது கத்தியது.

"மாப்பிள்ளைக்கு இது கைப்பழக்கம்லா. இப்பமே மாத்திப் போடலாமே."

பெண் பார்க்க வந்த இடத்தில் மறுக்க முடியுமா. மாமா சட்டைக் கையை மடித்தார்.

பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றியதும், வெறும் கையோடு கண்டன்சரைப் பிடிக்கப் போனார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிற டப்பா அது. எங்கள் கடையில் முதல் நாளே சொல்லித்தருவார்கள். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

மாமா சட்டென்று திரும்பினார்.

"என்னலே, மாமாக்க கையத் தட்டுக?" கன்னத்தில் அறைந்தார்.

நான் அழவில்லை. மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கண்டன்சரின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டேன். நீலப் பொறி தெறித்து, டப்பென்று வெடித்தது. பெண்ணின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"பாத்தியளா, பயல எப்படிப் பழக்கி வச்சிருக்கேன்."

மீதி வேலை முழுக்க நான்தான். நான் ஸ்பானரை எடுத்த பிறகு "ஸ்பானர எடு" என்பார். காற்றுச் சக்கரத்தை மாட்டிய பிறகு "சக்கரத்த மாட்டு" என்பார். சுவிட்சைப் போட்டதும் சத்தமில்லாமல் குளிர்காற்று வந்தது.

"கல்ஃப் கைன்னா கல்ஃப் கைதான்" என்றார் பெண்ணின் அப்பா.

அத்தனை நேரமும் தட்டோடு கதவோரம் நின்ற பெண் நேராக என்னிடம் வந்தாள். என் கையில் ஒரு முந்திரிக்கொத்தை வைத்து, மெதுவாகக் கேட்டாள்: "மெக்கானிக்குக்குக் கன்னம் வலிக்குதா?"

மாமாவுக்கும் அது கேட்டது. போச்சு, இப்போது எல்லாவற்றையும் போட்டு உடைப்பாள் என்று நினைத்தேன். அவளோ அப்பாவிடம் திரும்பி, "எனக்குச் சம்மதம்" என்றாள். வாங்கிய அறையைவிட அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் மாமா என் காதோரம் சொன்னார்: "அங்க ஏசி ரூமத் தொடைக்கதுதான் மக்கா எனக்க ஜோலி."

பொய் என்று தெரிந்தும் ஒரு பெண் ஏன் சம்மதித்தாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. பின்னாளில் மாமியிடமே கேட்டிருக்கிறேன். "ஒனக்கு மோட்டாரு மட்டுந்தான் தெரியும், போலே" என்று சிரிப்பார்.

இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேத்தியின் நிச்சயத்தில் மாமா மறுபடியும் அந்த மோட்டார் கதையை எடுப்பார், "நான் மாத்தினேன்" என்பார். மாமி, நீங்கள் பக்கத்தில்தானே இருப்பீர்கள். மாற்றியது யார் என்று மைக்கில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பந்தி போட்டால் போதும்.