மூன்று நொடி

ஸ்த்ராவ்கா பென்கோவாவின் பெயர் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனை முடிவு திரையில் வராவிட்டால் மட்டும், "கீழ இருக்காங்களே அந்தம்மா, அவங்களைக் கூப்பிடு" என்பார்கள். டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில், பத்தொன்பது வருடம் சர்வர் கணினிகளோடு குப்பை கொட்டினாள். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் பாக்கி. நான் அவளுடைய உதவியாளன்.

சர்வர்கள் இரண்டு. ஒன்று உழைக்கும், மற்றது காத்திருக்கும். உழைப்பது நொடிக்கொரு தரம் "இருக்கிறேன்" என்று துடிப்பு அனுப்பும். துடிப்பு நின்றால் எத்தனை நொடி பொறுத்து மற்றது வேலையை எடுத்துக்கொள்வது என்பதை நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். ஸ்த்ராவ்கா முப்பது வைத்திருந்தாள். தினமும் காலை பதினோரு மணிக்குத் தகவல்களை நகல் எடுக்கும்போது முதல் சர்வர் எட்டு ஒன்பது நொடி பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். சாகவில்லை, திணறுகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு கோடைக்காலம் முழுக்க ஆயிற்று.

எங்கள் பிரிவுத் தலைவர் கராஜோவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்! தலைநகர் சோபியாவிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வந்தது. அவர்கள் முன்னால் ஒரு சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கி, மற்றது எழுந்துகொள்வதைக் காட்ட வேண்டுமாம்.

"முப்பது செகண்ட் எல்லாரும் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறதா? மூணாக்கும்மா."

"மூணுன்னா பதினோரு மணிக்கு ரெண்டும் அடிச்சுக்கும் சார். இன்னிக்கு நகலையாவது நிறுத்திடவா?"

"நகல் எடுக்குறதையும் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. அவங்க போறவரைக்கும் மூணுதான். சொன்னதச் செய்."

"அப்ப எழுதிக் குடுங்க."

"உனக்கு எழுதிக் குடுக்கத்தான் நான் உக்காந்திருக்கேனா?"

நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. அவள் தன் பெயரில் கணினிக்குள்ளே போய் எண்ணை மாற்றினாள்.

பத்து மணிக்குக் கைதட்டல். முதல் சர்வருக்கு மின்சாரம் கொடுத்துத் திரும்ப வேலையில் விட்டோம். பதினோரு மணிக்கு நகல் தொடங்கியது, முதல் சர்வர் திணறியது. மூன்று நொடி பார்த்துவிட்டு, அது செத்துவிட்டதென்று இரண்டாவது வேலையில் இறங்கியது. முதலாவதும் மூச்சு வந்து பழையபடி எழுத ஆரம்பித்தது. இரண்டும் ஒரே தகவல் சேமிப்பில் எழுதித் தள்ளின. அன்று காலை எண்பது பேருக்கு எடுத்த முடிவுகள் குப்பையாயின. குழந்தைகள் வார்டில் எல்லாப் பிள்ளைக்கும் ரத்தம் எடுக்க மறுபடி ஊசி குத்தினார்கள். அந்த அலறல் அடித்தளம் வரை கேட்டது.

விசாரணையில் கணினிப் பதிவை எடுத்தார்கள். மாற்றியவர்: ஸ்த்ராவ்கா பென்கோவா. தான் எதுவும் சொல்லவில்லை என்றார் கராஜோவ், கொஞ்சமும் கூசாமல். ஆஸ்பத்திரி இயக்குநர் என்னைக் கேட்டார். "எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றேன். வெட்கம் கெட்டவன் நான்.

அன்றே அவளை வேலையை விட்டு நீக்கி, சாவியை வாங்கிக்கொண்டார்கள். பஸ் நிறுத்தம் வரை அவள் பின்னாலேயே போனேன். எதற்குப் போனேனோ!

"கராஜோவ் பொய் சொல்லுவான்னு தெரியும்" என்றாள். "நீ ஏன்டா சொன்னே?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க அக்கா."

"எனக்கு மூணு."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். திங்கட்கிழமை அவளுடைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.