அம்மனைக் கலைத்து அடுக்கியது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் வீரம்மா. தோட்டம் கைமாறியதும் ஜெலாப்பாங் வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாமான் குடியிருப்பின் மாரியம்மன் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பாள். வேறு ஆள் கிடைக்காததால் அவள் டீச்சர் ஆனாள்.

இப்போது அதற்கும் ஆபத்து. பிள்ளைகள் வருவது குறைந்துகொண்டே போனது. "இந்த மாசமும் இப்படியே இருந்தா வகுப்ப நிறுத்திடலாம்லா. உன்னையக் குத்தம் சொல்லல தங்கச்சி" என்றார் கோயில் தலைவர் சதாசிவம். பாட்டோடு ஏதாவது விளையாட்டும் இருந்தால் வருவார்களே என்று நினைத்து, மகள் ஷர்மினியிடம் யோசனை கேட்டாள்.

ஷர்மினி மடிக்கணினியைத் திறந்தாள். "இதுல படத்தப் போட்டா அதுவே துண்டு துண்டா பிரிச்சிக் கோடு போட்டுக் குடுக்கும்மா. பிரிண்ட் எடுத்து அட்டையில ஒட்டி வெட்டுனா, புள்ளைங்க சேத்து வெளாடலாம். எந்தப் படம்?"

"நம்ம அம்மன் படந்தான். வேற என்னா?"

மகள் காட்டிய இடத்தில் வீரம்மாவே அழுத்தினாள். திருவிழா அலங்காரத்தில் சிரித்துக்கொண்டிருந்த அம்மன் ஒரு குலுங்கு குலுங்கித் திரையெங்கும் சிதறினாள். ஒரு கண் இந்த மூலையில், மூக்குத்தி அந்த மூலையில்.

வீரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்னாடி பண்ணிட்ட?"

"நானா? நீதானம்மா அமுக்குன."

"சரி, மூடிடாத. அம்மாவ ஒண்ணு சேத்துட்டு மூடு."

"அது உள்ள முழுசாத்தான் இருக்கு. இது சும்மா காட்டுது."

"உள்ளன்னா எங்க?"

ஷர்மினி மடிக்கணினியை அம்மா பக்கம் தள்ளிவைத்தாள். வீரம்மா உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக நகர்த்தி, அம்மன் முகம் கூடிய பிறகுதான் விளக்கேற்றப் போனாள்.

மறுநாள் மகள் படத்தை அட்டையில் ஒட்டி, கத்தரிக்கோலோடு கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். கோடு சரியாக அம்மன் நெற்றியின் குறுக்கே போயிற்று. சட்டத்துக் கண்ணாடி கீறினாலே சாமி படத்தை வீட்டில் வைக்காமல் அரசமரத்தடியில் விட்டுவிட்டு வருகிற குடும்பம் அவளுடையது. அவள் கை எழவில்லை. சாயங்காலம் ஷர்மினி வந்து பார்த்தபோதும் அட்டை முழுசாகவே இருந்தது.

"மயில் படம் போட்டுக்கலாமாடி?"

"அப்ப மயில வெட்டுனா பாவமில்லையா?"

"கோபுரம்?"

"கோபுரத்த இடிச்ச மாதிரிலா ஆயிரும்."

மகள் கேலி பேசுகிறாளா, நிஜமாகச் சொல்கிறாளா என்பதும் வீரம்மாவுக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை அம்மனின் வெள்ளிக் கவசத்தைத் துலக்குகிற முறை. வீரம்மாவும் சொர்ணம் அக்காவும் கோயில் கிணற்றடியில் உட்கார்ந்து விபூதி போட்டுத் தேய்த்தார்கள். சொர்ணத்தின் மடியில் முகம், வீரம்மாவின் மடியில் வலது கை. பாதங்கள் இரண்டும் வாளியில் கிடந்தன. வருசக் கணக்காகச் செய்கிற வேலை. இன்றைக்குத்தான் அவள் கை நின்றது.

"அக்கா, இது அம்மனோட கையா, வெறும் வெள்ளியா?"

"என்னா கேள்வி இது? குருக்கள் சாத்துனா அம்மன் கை. பெட்டியில இருந்தா பூட்டி வைக்கற சாமான்."

"நடுவுல?"

"நடுவுல தேய்க்கணும். தேய்."

வீரம்மாவுக்கு ஒன்றும் தெளியவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி, "தப்பா இருந்தா என்னோட போவட்டும் தாயே" என்று சொல்லிவிட்டு வெட்டத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் துண்டுகளைத் தரையில் கொட்டாமல் தாம்பாளத்தில் வைத்தாள். கை கழுவிவிட்டுத்தான் தொடவேண்டும், அம்மன் முழுசாகாமல் யாரும் எழுந்திருக்கக்கூடாது என்றாள். வாசலில், அழைத்துப்போக வந்த அப்பாமார்களின் மோட்டார்சைக்கிள் ஹாரன் அடித்தது. ஒரு பிள்ளையும் அசையவில்லை. எட்டிப்பார்த்த சதாசிவம், "அது அங்க இல்லலா, அது சூலம்" என்று சொல்லிக்கொண்டே கூட வந்து உட்கார்ந்துவிட்டார். போகும்போது, "அடுத்த மாசத்துக்கும் சேத்து வேற படம் பாத்து வையி" என்றார்.

அம்மன் முழுசாகத் தாம்பாளத்தில் சிரித்தாள். பிள்ளைகளில் சின்னவள் கவிநயா கேட்டாள், "டீச்சர், கலைச்சிட்டு இன்னொரு வாட்டி சேக்கலாமா?"

வீரம்மா அம்மனைப் பார்த்தாள். சரியென்றும் தெரியவில்லை, வேண்டாமென்றும் தெரியவில்லை.

"நான் கண்ண மூடிக்கறேன். நீங்களே கலைங்க, மெதுவா" என்று சொல்லி, கைகூப்பிக் கண்களை மூடிக்கொண்டாள்.