பின் மேசையில மீட்டர், முன் மேசையில மல்லிகாக்கா

பழைய ஆம்ப்ளிஃபையருல டிரான்சிஸ்டர் செத்தா அது சத்தமே போடாது, கொண்டாந்தவர்தான் சத்தம் போடுவார்.

திண்டிவனத்துல ஒரு ரிப்பேர் கடையில அந்தச் சத்தத்துக்கு நடுவுல உக்காந்திருந்தவ நான். முன் மேசையில மல்லிகாக்கா, பின் மேசையில நான். ரெண்டு பேருக்கும் முதலாளிதான் வேலை கத்துக்கொடுத்தார். மல்லிகாக்காவுக்கு வீடு கடைக்குப் பக்கத்துலயே. நான் தினமும் விழுப்புரத்துலேருந்து பஸ்ஸு, பொண்ணை எங்கம்மாகிட்ட விட்டுட்டு. விழுப்புரத்துல இன்னொரு கடை போடறேன், உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை அங்க உக்கார வைக்கிறேன்னு முதலாளி சொன்னதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல. என்னை அனுப்புங்கன்னு கேக்கணும், ஆனா வாய் வரல. என்னை மாதிரி வாய் வராதவங்க இதைப் படிச்சா, மிச்சம் நான் சொல்லாமலே தெரியும்.

கை ராசி

மயிலம் பக்கத்து மைக்செட்காரர் ஒருத்தர் அப்பா காலத்து ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கினு வந்தார். டிரான்சிஸ்டரைப் போர்டுல வெச்சே பாத்தா, பக்கத்துல இருக்கற பாகமெல்லாம் சேர்ந்து மீட்டரை ஏமாத்தும். கழட்டித்தான் பாக்கணும். நல்லதா இருந்தா ஒரு பக்கம் நம்பர் காட்டும், ஒயரை மாத்தி வெச்சா ஒண்ணும் காட்டாது. எப்படி வெச்சாலும் பீப்புன்னு கத்தினா அது போச்சு.

ஒவ்வொண்ணா கழட்டி, கத்தினதைப் புடிச்சு, மாத்தினது நான். மல்லிகாக்கா பெட்டியை முன்னாடி எடுத்துக்கினு போய்ப் பாட்டு போட்டாங்க, அவ்வளவுதான். மனுஷன் பூரிச்சுப்போயிட்டார்.

"மல்லிகா கை பட்டாலே பெட்டி பாடுதுப்பா!"

ஜோடி

மரக்காணத்துலேருந்து மீன்பிடிக்கிறவர் ஒருத்தர். அவர் பெட்டியில ஜோடியா வேலை செய்யற டிரான்சிஸ்டர்ல ஒண்ணு எரிஞ்சிருந்தது. ஒண்ணை மட்டும் மாத்தினா பழசும் புதுசும் ஒத்துப்போகாது, ரெண்டையும் மாத்தறதுதான் நல்லது. அன்னைக்கு மல்லிகாக்கா டீ குடிக்கப் போயிருந்தாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கினே சொன்னேன். "ஒண்ணு செத்துட்டா, நல்லா இருக்கறதையும் ஏம்மா கொல்ற?"ன்னார். நான் சொன்னதையே திரும்பவும் முணுமுணுத்தேன்.

மல்லிகாக்கா உள்ள வந்தாங்க. "ஏண்ணே, ரெண்டு பேரு வலை இழுக்கறீங்க. ஒருத்தன் ஜல்தியா இழுக்கறான், ஒருத்தன் கொட்டாவி விடறான். வலை எந்தப் பக்கம் போவும்?" அவர் சிரிச்ச சிரிப்புல மேசை ஆடுச்சு. சொன்ன விஷயம் ஒண்ணுதானே? அவர் என்னைக் காட்டி மல்லிகாக்காகிட்ட சொன்னார்:

"இப்படிச் சொன்னா புரியுது, அந்தப் பொண்ணு என்னமோ மந்திரம் ஓதிக்கினு இருக்குது."

சீரியல் பல்பு

ரிப்பேர் பண்ண பெட்டிக்கு நேரா கரண்ட் கொடுக்க மாட்டோம். நடுவுல ஒரு குண்டு பல்பைச் சேர்த்துதான் கொடுப்போம், அதுதான் சீரியல் பல்பு. பல்பு ஒரு தரம் மின்னிட்டு மங்கினா பெட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம். மங்காம எரிஞ்சா உள்ள ஷார்ட்டு.

ஒரு நாள் மல்லிகாக்கா மாட்டின பெட்டியில பல்பு பளீர்னு எரிஞ்சுது. டிரான்சிஸ்டரைக் கழட்டி மீட்டர்ல வெச்சா நல்லா இருக்கு. திருப்பி மாட்டினா மறுபடியும் பளீர். டிரான்சிஸ்டருக்கும் சூடு இறக்கற அலுமினியத்துக்கும் நடுவுல, கரண்ட்டு தாண்டாம இருக்க வைக்கிற மைக்காத் தகட்டை அவங்க மறந்துட்டாங்க. முதலாளி பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தார். எனக்கு உள்ளுக்குள்ள பால் வார்த்த மாதிரி இருந்தது. அதே தப்பை நான் பண்ணி முழிச்சுக்கினு நின்னப்போ அரை நாள் திட்டினவர் அவர்.

மல்லிகாக்கா தலையில அடிச்சுக்கினு சிரிச்சாங்க: "நான்தாண்ணே மறந்துட்டேன்!" முதலாளியும் சிரிச்சுட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கோ, தப்பு பண்ணா இப்படிப் பட்டுனு சொல்லணும்."

புது ஆளு

அன்னைக்கு பஸ்ஸு கிடைக்காம லேட்டா வீட்டுக்குப் போனேன். கையை நீட்டினா என் பொண்ணு வரல, எங்கம்மா தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிச்சு. மல்லிகாக்கா மேல இருந்த பொறாமையெல்லாம் அந்த நேரம் எங்கம்மா மேல திரும்பிடுச்சு. எங்கம்மா வேற, பெருமையா சிரிச்சாங்க.

"கரண்ட்டு கணக்கு எடுக்க வர்றவரைப் பாத்தாலும் இப்படித்தான் பண்ணுது."

தீர்ப்பு

விழுப்புரம் கடைக்கு மல்லிகாக்கான்னு முதலாளி முடிவு பண்ணிட்டார். புதுக் கடைக்குப் பேசற ஆளு வேணுமாம். நான் மீட்டரைப் பாத்துக்கினே அதைக் காதுல வாங்கினேன். நம்பர் கண்ணுக்குத் தெரியல.

விஷயம் வெளிய போனதும் கடையில கூட்டம். "மல்லிகாவை அனுப்பினா பெட்டியை வேற கடைக்குத் தூக்கிக்கினு போயிடுவேன்"னு மைக்செட்காரர் ஒத்தக் கால்ல நின்னார். மரக்காணத்துக்காரர் போன்லயே சண்டை போட்டார். முதலாளி பேஜாராயிட்டார். கடைசியா பின்னாடி திரும்பி, "அப்போ நீ போறியாம்மா?"ன்னார். தலையை ஆட்டினேன். எத்தினி தரம் ஆட்டினேன்னு தெரியல.

அப்புறம் முன்னாடி இருக்கறவங்க மூஞ்சியைப் பாத்தேன். எவராவது ஒருத்தர், "ஐயோ, இந்தப் பொண்ணையா?"ன்னு கேப்பாங்களான்னு ஒரு சின்ன ஆசை. மைக்செட்காரர்தான் எட்டிப் பாத்தார்.

"இவங்களும் இங்கதான் வேலை பாக்கறாங்களா?"

இப்போ விழுப்புரத்துல டிரான்சிஸ்டரையும் நான்தான் பாக்கறேன், மத்தியானம் பொண்ணுக்குச் சோறும் நான்தான் ஊட்டறேன், ஆனாலும் யாராவது வந்து "திண்டிவனத்துல மல்லிகா நல்லா இருக்குதா?"ன்னு கேட்டா என் வயித்துல அந்த சீரியல் பல்பு மங்கவே மாட்டேங்குது.