வரிசை எண் 23: நித்திய கல்யாணி

எங்கள் தெருவின் வீட்டுத் தோட்டங்களில் எது இந்த மண்ணின் செடி, எது வெளியிலிருந்து வந்து பரவிய செடி என்று கணக்கெடுக்கப் போகிறார்கள் எனக் கேள்விப்பட்டதும், என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். எனக்கு வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருட அனுபவம். தாசில்தாராக ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லைச் சுற்றி நான் இறங்கிப் பார்க்காத வரப்பு குறைவு. பட்டாதாரர் யார், ஆக்கிரமிப்பாளர் யார் என்று பிரிப்பதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தேன். செடி என்றால் மட்டும் என்ன வேறு சட்டமா?

ஆனால் கூப்பிட்டது என் மனைவியை.

கூப்பிட்டவர் பக்கத்து வீட்டு டீச்சர். பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவதைத் தவிர அவர் வெளியே போய் நான் பார்த்ததில்லை. அவருடைய தோட்டத்தை நான் தோட்டம் என்று சொன்னதில்லை, புதர் என்பேன். பாம்பு வரும், கொசு வரும் என்று மூன்று முறை வாய்மொழியாகவும் ஒரு முறை எழுத்திலும் தெருச் சங்கத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். என் தோட்டமோ மாதம் ஒரு முறை ஆள் வைத்துக் கொத்திக் களையெடுத்த தோட்டம். வரிசையாகக் குரோட்டன்ஸ், கேட்டில் காகிதப்பூ, நடைபாதை ஓரம் முழுக்க மஞ்சள் பூப் பூக்கும் படர்கொடி. சிங்கப்பூர் டெய்சி என்று நர்சரிக்காரர் கொடுத்தது. நடுவில் ஒரு புல் தப்பாக முளைத்தால் மறுநாள் அது இருக்காது.

மழைக்கு முன்னால் தெருவில் புதர் எல்லாம் வெட்டுவது என்று சங்கத்தில் முடிவானபோது டீச்சர்தான் எழுந்து, வெட்டுவதற்கு முன்னால் எது எது என்று எண்ணிப் பார்த்துவிடலாமே என்றாராம். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றும் கேட்டாராம். எரியோடு ஊர்ப் பக்கம் காட்டு வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்த என் மனைவி கையைத் தூக்கினாள். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. கோரம் இருக்காது, கூட்டம் செல்லும் அளவுக்கு ஆள் வராது என்று நினைத்தேன்.

அதுவரை எங்கள் மாலை நேரத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நாலரை மணிக்குப் பின்கட்டில் டீ. நான் செய்தித்தாளை வாசித்து, ஒவ்வொரு செய்திக்கும் இதில் எந்த அதிகாரி எந்த விதியை மீறினார் என்று விளக்குவேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படித்தான் என் பதிவேட்டில் இருக்கிறது.

கணக்கெடுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு நாள் நாலு மணிக்கே என் பழைய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"டீச்சர் கூட. இன்னைக்கு மூணாவது வீடு."

"டீ?"

"பிளாஸ்க்ல இருக்கு."

"இது யார் உத்தரவுல நடக்குது? அடுத்தவன் எடத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், தெரியும்ல?"

"ஆமா, நோட்டீஸ் குடுத்தா செடி ஓடிப் போயிரும் பாருங்க. கதவத் தட்டுறோம், வாங்கங்கிறாக, போறோம். இம்புட்டுத்தான்."

போய்விட்டாள். அரைமணி நேரம் கழித்து மூன்றாவது வீட்டிலிருந்து அவள் சிரிப்பது கேட்டது. குலுங்கிக் குலுங்கி, மூச்சு வாங்கி, "ஐயோ டீச்சர்" என்று இடையில் சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு. முப்பத்தெட்டு வருடத்தில் என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்த நாள் எது என்று யோசித்தேன். தம்ளரில் ஊற்றிய டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

கணக்கெடுப்பு நோட்டு எங்கள் வீட்டு டிவி மேல் இருந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் பிரித்தேன். தணிக்கை என்பது சொல்லிவிட்டுச் செய்வதல்ல. கட்டம் போட்டிருந்தது: வரிசை எண், செடி, நின்ற இடம், எத்தனை, ஊர்ச் செடியா அயலா, குறிப்பு. கட்டம் ஒழுங்காக இருந்ததே எனக்கு எரிச்சல். எழுத்து உருண்டையாக, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. டீச்சர் எழுத்து என்று பார்த்ததும் தெரிந்தது. கரும்பலகையில் எழுதிப் பழகிய கை.

என்னை உறுத்தியது குறிப்புக் கட்டம். 'வேலிப்பருத்தி. இலைக்கு அடியில் வரி போட்ட புழு நான்கு. அடுத்த வாரம் பட்டாம்பூச்சி.' 'கீழாநெல்லி. குழாய் ஒழுகும் வரை இருக்கும்.' 'தும்பை. ஒன்றே ஒன்று. வீட்டுக்காரர் பிடுங்கக் குனிந்தார், பேர் கேட்டோம், நிமிர்ந்துவிட்டார்.'

நான் ஆயிரக்கணக்கான அறிக்கைகள் எழுதியவன், அதைவிட அதிகமாகப் படித்தவன். இப்படி ஒரு வரி அவற்றில் இல்லை. இப்படி எழுதத் தெரிந்த பெண்ணோடு பேசாமல் என் மனைவி என்னோடா பேசுவாள்? மறுநாளும் படித்தேன். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு பக்கமும் டீச்சர் மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு உரம் போட்டது. தவறு இல்லாமல் பத்துப் பக்கம் எழுத மனிதரால் முடியாது என்ற நம்பிக்கையோடு தேடினேன்.

கிடைத்தது. வரிசை எண் இருபத்து மூன்று. நித்திய கல்யாணி. ஊர்ச் செடி. குறிப்பு: 'கிணற்றடியில் தானாக நிற்கும். யாரும் வைத்ததில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை.'

எனக்குச் சந்தேகம் தட்டியது. கைபேசியில் பார்த்தேன். நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்திலும் பார்த்தேன். அதன் சொந்த நாடு மடகாஸ்கர் தீவு. தாவரவியல் டீச்சர், அதுவும் இவ்வளவு சாதாரணச் செடியில் தப்பு! அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

ஆட்சேபணையை முறைப்படி தயாரித்தேன். பொருள், பார்வை, ஆட்சேபணைக்கான காரணங்கள், கோரும் நிவாரணம். ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்து மூன்று படிகள் எடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம். தலைவர் வெங்காய மண்டி வைத்திருந்தவர். பட்டியலை டீச்சர் வாசித்து முடித்து நோட்டை என் மனைவியிடம் கொடுத்ததும் நான் எழுந்து படிகளை விநியோகித்தேன். தலைவர் தன் படியைத் தூர வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார்.

"தாசில்தார் சார், கண்ணாடி எடுத்தாரல. நீங்களே வாசிச்சிருங்க."

வாசித்தேன். 'மேற்படி இனம் இம்மண்ணைச் சார்ந்ததன்று எனத் தெரிய வருவதால்' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் நிறுத்தினேன். டீச்சரைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை என் மனைவியைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"சார் சொல்றது சரி. அது மடகாஸ்கர் செடிதான். என் தப்பு. திருத்திக்கிறேன்."

உட்கார்ந்துவிட்டார். நான் எதிர்வாதத்துக்குத் தயாராக வைத்திருந்த இரண்டாவது தாள் சட்டைப் பையிலேயே இருந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றார் தலைவர். "ஒரு செடிக்கா மூணு காப்பி? நல்லவேள, வெங்காயம் எந்த ஊருன்னு நான் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. மடியில் இருந்த நோட்டை மூடி டீச்சரிடம் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால் வென்றவனாக நடந்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள். "அந்த நோட்டு டீச்சர் எழுதுனதுன்னா நெனச்சீங்க?"

"பின்ன?"

"நான் எழுதுனது. மொதப் பக்கத்துலருந்து கடைசி வரைக்கும். கட்டம் போட்டது மட்டும் டீச்சர்."

கையெழுத்தை ஒப்பிட்டுப் போலிப் பத்திரம் கண்டுபிடித்ததற்காக மேலதிகாரியிடம் பாராட்டுக் கடிதம் வாங்கியவன் நான். ஆனால் என் மனைவியின் எழுத்து என்று நான் பார்த்தது அவளுடைய கையொப்பத்தை மட்டும்தான். வங்கிப் படிவம், ஆதார் படிவம், பிள்ளைகளின் பள்ளிப் படிவம் எல்லாவற்றையும் நான்தான் நிரப்புவேன். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். அங்கே போடுவாள். முப்பத்தெட்டு வருடமாக அவள் அந்தக் குறியைத் தாண்டி ஓர் எழுத்து எழுத நான் இடம் வைக்கவில்லை.

"டீச்சர் அப்பவே சொன்னாங்க, அது வெளிநாட்டுச் செடின்னு. நான்தான் கேக்கல. எங்க ஊருக் கெணத்தடில அது இல்லாத நாளே கெடையாது, அது எப்படி வெளிநாடுன்னு சண்ட போட்டேன். சரிக்கா, எழுதுங்க, நீங்களே ஒரு நாள் தேடிப் பாத்துத் திருத்துவீங்கன்னு விட்டுட்டாங்க. அதத் தூக்கிக்கிட்டு நீங்க தெரு முன்னாடி..."

"நீ எழுதுனதுன்னு எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சிருந்தா?"

தெரிந்திருந்தால் வீட்டிலேயே, ஒரே நிமிடத்தில், எரியோட்டைப் பற்றி ஒரு கிண்டலோடு திருத்தியிருப்பேன். அது டீச்சருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஒரு பார்வைக்கு அர்த்தம் அதுதான். என் மனைவிக்கு முன்னால் ஒருவர் எழுந்து நின்று அவளை மறைத்துக்கொண்டார், என்னிடமிருந்து. அதுவரை எனக்கு இருந்த பொறாமையெல்லாம் விளையாட்டு. உண்மையான பொறாமை அன்றைக்குத்தான் வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து அவள் கணக்கெடுக்கப் போகவில்லை. நாலரை மணிக்குப் பின்கட்டில் டீ. நான் செய்தித்தாள் வாசித்தேன். அவள் எதிரே உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். எழுந்து போகவில்லை, குறுக்கே பேசவில்லை, தம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். மனு முழுமையாக அனுமதிக்கப்பட்டுவிட்டது. நாலாம் நாள் முதல் பக்கத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை.

டீச்சர் வீட்டுக்குப் போனேன். முதல் தடவையாக அந்தக் கேட்டைத் திறந்தேன். அவர் நொச்சிச் செடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அவ வரமாட்டேங்கிறா டீச்சர். நீங்க வந்து ஒரு வார்த்த கூப்பிட்டீங்கன்னா..."

"நான் கூப்பிட்டா வந்துருவாங்க சார். ஆனா எனக்காக வருவாங்க. அது எதுக்கு?"

"நான் வேணும்னா அந்த ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கிறேன்."

"ஏன் சார்? நீங்க சொன்னது சரிதான." உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். "உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி. அவங்க எண்ணட்டும்னு வச்சிருக்கேன்."

நோட்டை வாங்கி வந்து மனைவியிடம் நீட்டினேன்.

"நீங்களே எழுதுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

எழுதினேன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கலைப் பல கிராமங்களில் அப்படித்தான் எழுதுவார்கள். போய்ப் பார்ப்பதில்லை, போன வருடம் என்ன என்று பார்த்து எழுதுவதுதான். அதற்காக எத்தனை பேருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறேன்! குரோட்டன்ஸ் ஆறு. காகிதப்பூ ஒன்று. டெய்சி, எண்ணிக்கை இல்லை. ஊர்ச் செடி: இல்லை. கொண்டுபோய்க் காட்டினேன்.

வாசித்தாள். கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"பின்னாடி போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்கு? மாசாமாசம் கொத்திருக்கு."

"ஆபீஸ் புத்தி எங்க போகும்" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். மோட்டார் அறைக்குப் பின்னால் போனாள். நானும் போனேன். நான் அந்தப் பக்கம் போய் எவ்வளவு காலம் ஆகிறது என்று எனக்கே தெரியவில்லை. சுவருக்கும் அறைக்கும் நடுவில் நாலடி அகலத்தில் பச்சைப் பசேல் என்று ஒரு நிலம். தூதுவளை முள்ளோடு ஏறி நின்றது. அடியில் குப்பைமேனி, மூக்கிரட்டை, துத்தி. குழாய் விளிம்பில் பிரண்டை.

"இதெல்லாம் எப்படி?"

"கொத்துறவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், இந்தப் பக்கம் வராதீங்கண்ணேன்னு. பதினஞ்சு வருஷமாச்சு. சளிக்கு ஒங்களுக்கு ரசம் எங்கருந்து வருதுன்னு நெனச்சீங்க, மருந்துக் கடையிலருந்தா?"

என் பட்டா நிலத்தில், என் பதிவுக்கு வராமல், பதினைந்து வருட அனுபோகம்.

"அந்த நோட்ட நான் தெனமும் எடுத்துப் படிச்சேன்" என்றேன்.

"தெரியும். டிவி மேல வேற எதுக்கு வச்சேன்?"

தூதுவளை இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா இருந்துச்சு. அந்தத் தும்பைக்கு எழுதுனது."

"அத அன்னைக்கே சொன்னா என்னவாம்?"

சுவரில் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எழுத்து உருண்டையாக, வலப்பக்கம் சாய்ந்து வந்தது. பத்தொன்பது செடி. முன்பக்கம் வந்ததும் நடைபாதை ஓரத்தைப் பார்த்து எழுதினாள்: 'டெய்சி. அயல். ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டுப் பரவுகிறது. பிடுங்க வேண்டும். வைத்தவர்: வீட்டுக்காரர்.'

"கணு விடாம பிடுங்கணும். ஒண்ணு விட்டாலும் மறுபடி வந்துரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, நோட்டோடு டீச்சர் வீட்டுக்குப் போனாள். நான் கூப்பிடவில்லை, அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

டெய்சியைப் பிடுங்க உட்கார்ந்தேன். டீச்சர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வாசிக்கும் குரல் கேட்டது. டீச்சர் ஏதோ சொன்னார். பிறகு அந்தச் சிரிப்பு, இருவருடையதும். என்னைப் பற்றித்தானா, டெய்சியைப் பற்றியா என்று தெரியவில்லை. சுவரோரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நான் சுவரோரத்திலிருந்தே தொடங்கினேன்.