முக்காட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம்

டோலினா கன், வீடு வீடாக ரொட்டி போடும் வண்டி ஓட்டுகிறவள். கடலோர ஊரான இன்வர்ஸ்கெல்லியில் பாதிப் பேர் அவள் முகத்தில்தான் விழித்தது. யுத்த காலத்தில் வண்டி ஓட்ட ஆண்கள் இல்லாமல் போனபோது பேக்கரிக்காரர் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையில் சாவியைக் கொடுத்தார். யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்த பிறகும் அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருக்கிறவளோடு எவன் குடும்பம் நடத்துவான் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

மாலைகளில் கோல்ஃப் ஆடினாள். அந்தக் கடற்கரையில் அது பணக்காரர்களின் ஆட்டம் இல்லை. மீன் பிடிக்கிறவனும் தபால்காரனும் ஆடுகிற ஆட்டம். ஹெர்ரிங் மீன் பிடிக்கிற படகில் போய்க்கொண்டிருந்த அவள் அப்பா விட்டுப்போனவை ஒரு வீடும் ஏழு மட்டைகளும். பெண்கள் ஆறு மணிக்கு மேல்தான் ஆடலாம், கிளப்பின் முன்னறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. மழையைத் தடுக்கவா முடியும் என்பதுபோல டோலினா அவற்றை எடுத்துக்கொண்டாள். பெண்களுக்கான கோப்பையை நான்கு முறை வென்றிருந்தாள்.

அவளுக்கு மிகவும் பிடித்தது ஆறாவது குழி. அடிக்கிற இடத்தில் நின்றால் கண்ணுக்கு எதிரே ஒரு பெரிய மணல்மேடு மட்டும்தான் தெரியும். தலையில் துணி போர்த்திக் குந்தியிருக்கிற கிழவியைப் போல இருப்பதால் அதற்கு முக்காட்டு மேடு என்று பெயர். குழியும் கொடியும் அதற்குப் பின்னால், கடலோரப் பள்ளத்தில். மேட்டின் உச்சியில் வெள்ளையடித்த ஒரு கல் இருக்கும். புல்லைப் பராமரிக்கிற ஹெக்டர் போல்சன் தினமும் காலையில் குழியை இடம் மாற்றி வெட்டிவிட்டு, அதற்கு நேராக அந்தக் கல்லையும் நகர்த்தி வைப்பார். கல்லைக் குறி வைத்து அடிக்க வேண்டும். பந்து மேட்டைத் தாண்டி மறைந்துவிடும். அங்கே ஆடி முடித்தவர்கள் பள்ளத்தை விட்டுப் போகும்போது கம்பத்தில் தொங்கும் பழைய கப்பல் மணியை அடிப்பார்கள். மணிச்சத்தம் கேட்டால் பின்னால் வருகிறவர்கள் அடிக்கலாம்.

வெளியூர்க்காரர்கள் திட்டுவார்கள். எங்கே அடிப்பது என்றே தெரியாமல் இது என்ன ஆட்டம் என்பார்கள். "கல்லப் பாத்து அடிங்க சார், காலைல உங்களுக்காகத்தான் தூக்கி வெச்சேன்" என்பார் போல்சன், புல்லிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

டோலினாவுக்கு அங்கே பிடித்ததே அந்தத் தெரியாமைதான். மற்ற குழிகளில் அடித்த கையோடு விஷயம் தெரிந்துவிடும். முகம் அங்கேயே விழுந்துவிடும். இங்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் ஏற வேண்டும். அடித்த கைக்குக் கொஞ்சம் தெரியும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொடிக்குப் பக்கத்தில் கிடக்கலாம், மணலில் புதைந்திருக்கலாம். அந்த இரண்டு மூன்று நிமிடமும் எல்லாருடைய பந்தும் நல்ல பந்துதான். முழங்கால் வலிக்காரரான கிளப் தலைவர் மேஜர் ராட்ரேகூட உச்சிக்கு நாலடி இருக்கும்போது வேகமாக நடப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை மாலை. எட்டு மணிக்கும் வெயில் சாயவில்லை. அவளுக்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் ஃபின்லே பானர்மன் தனியாக ஆடிக்கொண்டு போனார். அவர் மேடேறி மறைந்ததைப் பார்த்துவிட்டு டோலினா காத்திருந்தாள். காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசியது. மணி ஒருமுறை கேட்டது. அவர் விலகிப் போக நேரம் கொடுத்து, பிறகு அடித்தாள். வாழ்நாளில் அத்தனை சுத்தமாக அவள் அடித்ததில்லை. பந்து கல்லுக்கு நேர் மேலே போய் மறைந்தது. குழிக்குள்ளேயே விழுந்திருக்கும் என்று நினைத்தபடி ஏறினாள்.

உச்சியிலிருந்து பார்த்தபோது பானர்மன் புல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை தலையில் இருந்தது, காதுக்கு மேலே. டோலினா மட்டைகளைப் போட்டுவிட்டு ஓடினாள். ரத்தம் அதிகமில்லை. அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"பந்து எங்க போச்சு?" என்று கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது.

"பக்கத்துலதான் கெடக்குது, மிஸ்டர் பானர்மன்."

"அப்ப என்னப் பாத்துட்டு நிக்காத. போய் உள்ள தட்டிட்டு வா."

அவள் தட்டவில்லை. பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அவரைக் கைத்தாங்கலாக வீடுவரை கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் அவர் மறுநாள் சரக்கு வண்டியைப் பற்றித்தான் பேசினார். வாசலில் அவர் மனைவி கிர்ஸ்டி வந்து தாங்கிக்கொண்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார். பொழுது விடிவதற்குள் பானர்மன் இறந்துபோனார். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், மணி கேட்ட பிறகுதான் அடித்ததாக டோலினா சொன்னாள். வேறு யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கடைசியாகக் கணவர் ஏதாவது சொன்னாரா என்று அவர் கிர்ஸ்டியைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றாள் அவள். இது விபத்து, யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்று எழுதிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

ஆனால் ஊர் அப்படி எழுதி முடித்துவிடவில்லை. முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பேக்கரியில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவன் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "மணி அடிச்சுதாம். அந்தக் காத்துல அடிச்சா மணிக்கே கேட்டிருக்காது." இரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்றைக்கு முதல் அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. கேட்டது மணிதானா? தேவாலயத்துப் பக்கம் ஏதாவது சத்தமா? சீக்கிரம் அடிக்க வேண்டும் என்ற ஆசையில் தனக்கே கேட்ட மாதிரி இருந்ததா? வண்டி ஓட்டும்போது, மாவு மூட்டை இறக்கும்போது, அந்த ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்ப நினைவில் கேட்டுப் பார்த்தாள். கேட்கக் கேட்க அது தேய்ந்துகொண்டே போனது. மட்டைகளைக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டாள்.

தினமும் காலையில் பானர்மன் வீட்டு வாசலுக்கும் போக வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்கு எப்போதும் இரண்டு ரொட்டி. அடக்கத்துக்கு மறுநாள் டோலினா வழக்கம்போல் இரண்டை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். கிர்ஸ்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, "ஒண்ணு போதும்" என்றாள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சே இல்லை. கதவு திறக்கும், கை நீளும், கதவு மூடும்.

குளிர்காலத்தில் கிளப்காரர்கள் எடின்பரோவிலிருந்து லம்ஸ்டன் என்ற ஒருவரை வரவழைத்தார்கள். மைதானங்களைத் திருத்தி அமைக்கிறவர். அவர் மேட்டின் மேலும் கீழும் நடந்து அளந்துவிட்டு, மேட்டை வெட்டிச் சமன் செய்தால்தான் சரி என்றார். இது டோலினாவின் காதுக்கு வந்தது. கிளப்பில் வாக்களிக்கப் பெண்ணான அவளுக்கு உரிமை கிடையாது. ஆனாலும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள்: மேட்டை வெட்டிவிடுங்கள், ஒரு பிடி மணல்கூட மிச்சம் வைக்க வேண்டாம்.

மார்ச்சில் கூட்டம் நடந்தது. இரண்டு பெண்களைக் கூப்பிட வேண்டியிருந்ததால் கிளப்பில் நடத்தாமல் பள்ளிக்கூடத்தில் நடத்தினார்கள். லம்ஸ்டன் தன் வரைபடத்தைக் கரும்பலகையில் மாட்டிவிட்டு நிதானமாகப் பேசினார். கெட்டிக்காரர், நல்லவரும்கூட. திறமைக்குப் பலன் கண்ணெதிரே தெரிய வேண்டும், மறைவில் போய் விழுகிற பந்து வெறும் அதிர்ஷ்டம் என்றார். இப்போது ஓர் உயிரும் போயிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தார். மேஜர் ராட்ரே டோலினாவின் கடிதத்தைப் படித்தார். போல்சனைக் கேட்டதற்கு, பதினாறு வருடமாக அந்தக் கல்லைத் தூக்கி வைக்கிறேன், இதில் நான் என்ன சொல்வது என்று தரையைப் பார்த்தார். பிறகு மேஜர் கிர்ஸ்டி பக்கம் திரும்பி, அவள் விருப்பப்படியே செய்யலாம் என்றார்.

கிர்ஸ்டி எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் பிடித்தபடியே பேசினாள்.

"அன்னிக்கு வந்து நாற்காலில உக்காந்து டீ கேட்டார். அப்புறம் சொன்னார், தப்பு என் பேர்லதான் கிர்ஸ்டி, மணிய அடிச்சிட்டு நாலடி போயிருப்பேன், கண்ணாடிய கொடிகிட்டயே விட்டுட்டது ஞாபகம் வந்துது, எடுத்துட்டு ஓடிடலாம்னு திரும்பினேன்னார். மணி அடிச்சுது. இந்தப் பொண்ணு கேட்டது நெசம்."

இதை ஏன் அதிகாரியிடம் சொல்லவில்லை என்று மேஜர் மெதுவாகக் கேட்டார்.

கிர்ஸ்டி டோலினாவைப் பார்த்தாள். "எனக்கு யார் மேலயாவது கோவமா இருக்கணும் போல இருந்துது. செத்தவர் மேல கோவப்பட முடியல. நீ தெனமும் காலைல வாசல்ல வந்து நின்னே."

பிறகு மேட்டைப் பற்றிச் சொன்னாள். "முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷன்ல இருந்தார். எந்த வண்டி எப்ப வரும்னு அவருக்குத் தெரியாம வந்ததில்ல. லேட்டுன்னாகூட எவ்வளவு லேட்டுன்னு தந்தி வந்துடும். அந்த மேட்டுல ஏறும்போது மட்டுந்தான், அங்க என்ன இருக்குன்னு தெரியாம போறேன்னு சொல்வார். சொல்றப்ப மூஞ்சி சின்னப் பையன் மூஞ்சி மாதிரி இருக்கும். அதப் போய் வெட்டாதீங்க. ஆள் இருக்காங்களான்னு ஏறிப் பாத்துட்டு அடிங்க. அவ்வளவுதான்."

லம்ஸ்டன் எழுந்து வரைபடத்தைத் தானே கழற்றிச் சுருட்டினார். மேடு தப்பியது. அடிப்பதற்கு முன் ஒருவர் உச்சிக்கு ஏறி, பள்ளத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக் கையைத் தூக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். மணியும் இருக்கட்டும் என்றார்கள்.

டோலினாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒன்பது மாதம். தன் காதையே நம்பாமல், தன்னையே நம்பாமல் கழித்த ஒன்பது மாதம். கிர்ஸ்டியின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வந்திருந்தால் போதும். மறுநாளிலிருந்து பானர்மன் வீட்டுக் கதவைத் தட்டுவதை விட்டாள். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வாசற்படியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவாள். பேக்கரியில் இப்போது எல்லாரும் அவளிடம் தேவைக்கு மேல் அன்பாகப் பேசினார்கள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரலில் ஒருநாள் படியில் ரொட்டியை வைக்கக் குனிந்தபோது கதவு திறந்தது.

"எத்தன நாளைக்கு இப்படி பூனைக்கு வெக்கிற மாதிரி வெச்சிட்டுப் போவே?" என்றாள் கிர்ஸ்டி.

"நீங்க ஒம்பது மாசம் பேசாம இருந்தீங்க, மிஸஸ் பானர்மன்."

"இருந்தேன். நீயும் ஒம்பது மாசம் இருக்கப் போறியா?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

"உள்ள வந்து யோசி. டீ ஆறிப் போகுது."

வண்டியில் இன்னும் இருபது வீட்டு ரொட்டி இருந்தது. டோலினா எஞ்சினை நிறுத்தினாள். மேசையில் இரண்டு கோப்பை ஏற்கெனவே இருந்தன. கிர்ஸ்டி மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் அன்றைக்கு டீயைப் பாதிதான் குடித்தார் என்று மட்டும் சொன்னாள். டோலினா, பந்தை உள்ளே தட்டிவிட்டு வரச் சொன்னார் என்று சொன்னாள். அதைக் கேட்டு கிர்ஸ்டி அழுதாள். அழுதுகொண்டே, அவர் அப்படித்தான் என்றாள். அன்றைக்கு இருபது வீட்டுக்கு ரொட்டி தாமதமாகப் போனது. யாரும் புகார் சொல்லவில்லை.

மே மாதம் டோலினா பரணிலிருந்து மட்டைகளை இறக்கினாள். ஐந்து குழிகள் தடுமாறித் தடுமாறி ஆடினாள். ஆறாவதற்கு வந்தபோது கிர்ஸ்டி அங்கே காத்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் மட்டையைத் தொட்டவள் இல்லை. தடித்த செருப்பும் கணவரின் மழைக்கோட்டுமாக மெதுவாக மேட்டில் ஏறினாள். உச்சியில் வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பக்கம் நெடுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டடி விலகி நின்று கையைத் தூக்கினாள்.

டோலினா பந்தை வைத்தாள். ஒருமுறை நின்று, விலகி, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப நின்றாள். அடித்தாள். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பந்து மேட்டுக்கு மேலே போய் மறைந்தது. கிர்ஸ்டி திரும்பி அது விழுவதைப் பார்த்தாள்.

"எங்க விழுந்துது?" என்று டோலினா கீழேயிருந்து கத்தினாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? ஏறி வந்து பாரு."

டோலினா ஏறினாள். பந்து இடது பக்க மணல்குழியில் பாதி புதைந்து கிடந்தது. அதை வெளியே எடுக்கவே இரண்டு முறை அடிக்க வேண்டியிருந்தது, மொத்தம் ஐந்து முறை அடித்துக் குழியை முடித்தாள். கிர்ஸ்டி உச்சியிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பதின்மூன்று கோடைகாலம் புதன்கிழமை தவறாமல் கிர்ஸ்டி வந்து அந்த மேட்டில் நின்றாள். எழுபத்தொன்றாம் வருடம் மார்ச்சில் அவள் இறந்தபோது, அடக்கத்தன்று பேக்கரி வண்டி ஓடவில்லை. தனியாக ஆடுகிறவள் முதலில் ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து அடித்துவிட்டு, மறுபடி ஏற வேண்டும். அறுபத்திரண்டு வயதில் இடுப்பு எலும்பு முறியும்வரை டோலினா அந்த மேட்டில் அப்படி இரண்டு தடவை ஏறிக்கொண்டிருந்தாள்.